பாப்பாவுக்குக் கல்லீரல் கிடைக்கும்வரை வீட்டில் நாங்கள் செய்தவை

எங்கள் பாப்பாவுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆபரேஷன் எப்படி நடக்கும், என்ன ஆபத்து என்றெல்லாம் சென்னை டாக்டர்கள் பொறுமையாக விளக்கினார்கள். அதற்கு முன்னால் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்த மாதங்களைப் பற்றித்தான் எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஏழு கிலோ கிட்ட வரட்டும், டோனரையும் ரெடி பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். டோனர் என்றால் கல்லீரலில் ஒரு பகுதியைத் தானம் கொடுப்பவர். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வேலை, எவ்வளவு அலைச்சல், எவ்வளவு பயம் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கு எங்கோ ஒரு வீட்டில் மஞ்சள் கண்ணோடு ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவு எதையும் இதில் சொல்லப்போவதில்லை. அது குழந்தைக்குக் குழந்தை மாறும்.

பாப்பா பிறந்தது கோவில்பட்டியில். சுகப்பிரசவம், எடை 2.8 கிலோ. மூன்றாம் நாள் உடம்பு மஞ்சளித்தது. "எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான், காலை வெயில்ல காட்டுங்க" என்றார்கள். காட்டினோம். ஒரு மாதம் ஆகியும் கண்ணில் மஞ்சள் போகவில்லை. மறுபடி கேட்டபோது தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குச் சில வாரம் அப்படி இருக்கும், தானாகப் போய்விடும் என்றார் ஒரு டாக்டர். குழந்தை நன்றாகப் பால் குடித்தாள், அழுதாள், தூங்கினாள். அதனால் நாங்களும் நம்பினோம். ஆனால் மலம் மட்டும் வெளிறிப்போய், கோதுமை மாவைக் கரைத்துத் துணியில் ஊற்றியது போல இருந்தது. சிறுநீர் பட்ட துணியில் அழுத்தமான மஞ்சள் கறை, துவைத்தாலும் போகவில்லை. இதைப் பற்றி யாரும் எங்களிடம் கேட்கவில்லை. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போனபோது, துணி மாற்றிய இடத்தில் தற்செயலாகப் பார்த்த நர்ஸம்மாதான், "இந்த நிறம் சரியில்லம்மா, இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று கையைப் பிடித்துச் சொன்னார். அந்த அம்மாவை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

நோயின் பெயர் பிலியரி அட்ரீசியா. கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய் பிறந்த சில வாரத்துக்குள் அடைபட்டுச் சுருங்கிப்போகிறது. பித்தம் வெளியே போக வழியில்லாமல் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி, அதைக் கெடுக்கிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலுக்கு வராததால்தான் மலம் வெளுக்கிறது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்கு 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால், ரத்தத்தில் மஞ்சள் நிறம் தருகிற பிலிருபின் என்ற பொருளின் மொத்த அளவோடு, டைரக்ட் பிலிருபின் என்ற அதன் ஒரு வகையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் ஆகிற ரத்தப் பரிசோதனைதான் அது. வெயிலில் காட்டினால் குறைவது இன்னொரு வகை மஞ்சள். டைரக்ட் அளவு கூடியிருந்தால் அது கல்லீரல் சமாசாரம், வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தைவானில் 2004-ல் இருந்தே குழந்தையின் சுகாதாரக் கையேட்டில் மல நிற அட்டை ஒன்றை வைத்துக் கொடுக்கிறார்கள். அம்மாவே நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நம் ஊரில் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அப்படி ஓர் அட்டை கையில் கொடுத்திருந்தால் எங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

ஏன் ஒரு மாதத்துக்காக இப்படி அடித்துக்கொள்கிறேன் என்றால், இதற்கு முதலில் செய்கிற கசாய் என்ற அறுவை சிகிச்சைக்கு நாள் கணக்கு உண்டு. மோரியோ கசாய் என்ற ஜப்பானிய டாக்டர் கண்டுபிடித்தது. கெட்டுப்போன குழாயை எடுத்துவிட்டு, குடலையே கல்லீரலின் அடிப்பக்கத்தில் கொண்டுபோய் இணைத்துப் பித்தம் வடிய வழி செய்வார்கள். 60 நாளைக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும், தள்ளத் தள்ளக் குறையும். ஸ்கேனுக்குக் காத்திருந்து, கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்க்கிற பயாப்ஸிக்குக் காத்திருந்து, எங்களுக்கு நடந்தபோது பாப்பாவுக்கு இரண்டரை மாதம் தாண்டிவிட்டது. ஆபரேஷன் முடிந்து மலம் கொஞ்சம் பச்சையாக வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். அடுத்த வாரமே மறுபடி வெளுத்துவிட்டது. ஐந்தாம் மாதத்தில் வயிறு வீங்கி நீர் கோத்துக்கொண்டது. இனி மாற்றுக் கல்லீரல்தான் என்றார்கள்.

இதற்கிடையில் ஊர்ப் பேச்சு. கிரகணத்தன்று வெளியே போனாயா, உண்டாகியிருக்கும்போது என்ன சாப்பிட்டாய், எந்தக் கோயில் நேர்த்தியை மறந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்து மூளை குழம்பியது. இந்த நோய் ஏன் வருகிறது என்று உலகத்தில் இன்னும் யாரும் உறுதியாகக் கண்டுபிடிக்கவில்லை. அம்மா சாப்பிட்டதாலோ செய்ததாலோ வருகிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இதை டாக்டரையே என் மாமியார் முன்னால் சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. நீங்களும் அப்படிச் செய்யுங்கள், டாக்டர் வாயால் வந்தால்தான் பெரியவர்கள் கேட்பார்கள். இன்னொரு தொல்லை கீழாநெல்லி. மஞ்சள்காமாலை என்றாலே நம் பக்கம் அதுதான் முதலில் வரும். இது குழாயே இல்லாமல் போன கோளாறு. எந்த மூலிகை குடித்தாலும் குழாய் திறக்காது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற கல்லீரலுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது கெடுக்கும் என்று சொல்ல முடியாத நிலையில், நாட்டு மருந்து ஒரு சொட்டுகூட வேண்டாம் என்று கல்லீரல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மாற்று என்று கேட்டதும் என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எப்படி என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அப்போது வார்டில் ஒரு டாக்டர் சொன்னார்: இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்று நடந்த குழந்தை நம் காஞ்சிபுரத்துக் குழந்தைதான், இதே நோய்தான், 1998-ல் டெல்லியில் நடந்தது, அப்பாதான் தானம் கொடுத்தார், அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டார். அன்றைக்கு ராத்திரிதான் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

குழந்தைக்குப் பெரியவர்களுடைய முழுக் கல்லீரலும் தேவையில்லை. இடப்பக்கத்து ஓரத்தில் இருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போதும். கொடுத்தவருக்குச் சில மாதத்தில் மிச்சக் கல்லீரல் வளர்ந்து ஈடுகட்டிவிடும். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கு தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பு வழியாகப் பதிந்து வைக்கலாம், நாங்களும் கேட்டுப் பதிந்தோம். ஆனால் இந்தியாவில் குழந்தைகளுக்கு நடப்பதில் பெரும்பாலானவை குடும்பத்தார் கொடுத்துத்தான். எங்கள் வீட்டில் முதல் அடி ரத்த வகையில் விழுந்தது. பாப்பா ஓ பாசிட்டிவ். நான் ஏ, அவர் பி. ஓ வகைக் குழந்தைக்கு ஓ வகைக்காரர்தான் வழக்கமாகக் கொடுக்க முடியும். பெற்ற இருவருமே கொடுக்க முடியாது என்று கேட்டபோது எனக்கு என் உடம்பின் மேலேயே வெறுப்பு வந்தது. வகை பொருந்தாமலும் சின்னக் குழந்தைகளுக்குச் சில இடங்களில் செய்கிறார்கள், அதற்குத் தனி மருந்து, தனிச் செலவு. இதே சிக்கலில் இருக்கிற இன்னொரு குடும்பத்தோடு டோனரை மாற்றிக்கொள்ளவும் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-ல் செய்த திருத்தம் வழி விடுகிறது, முன் அனுமதி வாங்க வேண்டும். இந்த வழிகளைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

என் தங்கை ஓ பாசிட்டிவ். நான் கொடுக்கிறேன் அக்கா என்று அவள்தான் முதலில் வந்தாள். சட்டத்தில் நெருங்கிய உறவு என்று ஒரு பட்டியல் இருக்கிறது: கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தவர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. சித்தி, மாமா, அத்தை, பெரியப்பா அதில் வரமாட்டார்கள். அவர்கள் கொடுக்க வேண்டுமானால் அரசு அங்கீகாரக் குழுவின் முன்னால் போய் அனுமதி வாங்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, நாள் பிடிக்கும். அதற்குள் என் அம்மா குறுக்கே விழுந்துவிட்டாள். அம்மாவும் ஓ பாசிட்டிவ்தான், வயது நாற்பத்தேழு. "ஏட்டி, கல்யாணம் ஆகப்போற பிள்ள வயித்துல கத்தி படணுமா? எனக்கு என்னத்துக்கு இந்த ஈரல், எங்கிட்ட எடுக்கச் சொல்லு" என்றாள். தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ஊசி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

சிடி ஸ்கேனில் அம்மாவின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தது. இப்படியே எடுக்க முடியாது, எடை குறைத்தால் மறுபடி பார்க்கலாம் என்றார்கள். அம்மா அப்போது 68 கிலோ. டோனர் தேடுகிற எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்வது இதுதான்: கொழுப்புக் கல்லீரல் என்று திருப்பி அனுப்பினால் அதோடு அந்த ஆளை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்து நடந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பலருக்கும் கொழுப்பு கரைகிறது. அம்மா சர்க்கரையை விட்டாள், இரண்டு வேளை சோற்றை ஒரு வேளையாக்கினாள், ராத்திரிக்கு காய்கறியும் அவித்த பயறும். விடியக்காலை ஐந்து மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் வரை வேகநடை, சாயங்காலம் மறுபடி. பட்டினி கிடக்கக் கூடாது என்று டயட்டீஷியன் சொல்லியிருந்தார், அதனால் நான் தட்டில் வைப்பதை முழுக்கச் சாப்பிடச் சொல்லி மிரட்டினேன். ஒரே அடுப்படியில் ஒருத்திக்கு எடை குறைய, ஒருத்திக்கு எடை கூடச் சமைத்துக்கொண்டிருந்தேன். 60 கிலோவுக்கு வந்த பிறகு எடுத்த ஸ்கேனில் சரி என்றார்கள். முடிந்தால் ஒரே ஆளை நம்பி நிற்காமல் இரண்டாவது டோனர் ஒருவரையும் ரத்தப் பரிசோதனை வரையாவது பார்த்து வையுங்கள். என் தங்கைக்கும் அப்படிப் பார்த்து வைத்திருந்தோம். அது ஒரு தைரியம்.

பாப்பாவுக்கு எடை ஏற்றுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பித்தம் இல்லாததால் சாதாரணக் கொழுப்பு செரிக்காது. குடிக்கிற பாலில் பாதி சத்து வீணாகப் போகும். பித்தம் இல்லாமலே உடம்பில் சேருகிற எம்சிடி வகைக் கொழுப்பு உள்ள பால்பவுடர் எழுதிக் கொடுத்தார்கள். விலை அதிகம், எங்கள் ஊர்க் கடைகளில் கிடையாது. மதுரையில் சொல்லி வைத்து பஸ்ஸில் வரவழைத்தோம். தீர்ந்த பிறகு தேடாமல் எப்போதும் இரண்டு டின் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை, அதோடு சேர்த்துத்தான் இது. ஆறு மாதத்துக்குப் பிறகு கேழ்வரகுப் பால் கஞ்சியிலும் மசித்த நேந்திரம்பழத்திலும் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார் டயட்டீஷியன், அளவும் அவரே சொன்னார். பவுடரை நீங்களாகக் கெட்டியாகக் கலக்காதீர்கள், வயிற்றோட்டம் வந்தால் ஏறிய எடையும் போய்விடும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும் என்பதால் அவற்றைத் தனியாகக் கொடுப்பார்கள். இதில் கே-யைத் தவற விடவே கூடாது. அது குறைந்தால் ரத்தம் உறையாது, குழந்தைகளுக்கு மூளையில்கூட ரத்தக்கசிவு வரும்.

வயிறு வீங்கியிருந்ததால் கொஞ்சம் குடித்ததும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கடைசியில் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டார்கள். அந்தக் குழாயை முதலில் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நர்ஸ் முன்னால் நாலைந்து தடவை நீங்களே கொடுத்துப் பழகுங்கள். மூக்கு ஓரத்தில் குழாயில் போட்ட மார்க் அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு காலி சிரிஞ்சால் மெல்ல இழுத்தால் இரைப்பை நீர் கொஞ்சம் வர வேண்டும். வரவில்லை, சந்தேகமாக இருக்கிறது என்றால் பால் விடக் கூடாது. சரியாக இருந்தால் சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, வெறும் குழலைக் குழாயில் மாட்டி, குழந்தையின் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்துப் பாலை ஊற்ற வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது, தானாக இறங்கட்டும். இருபது நிமிடம் ஆகும். தூக்கிப் பிடித்தால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் மெதுவாக இறங்கும். நடுராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பால் மட்டம் கோடு கோடாகக் கீழே இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் கொஞ்சம் கொதித்து ஆறின தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி மூடி வைக்க வேண்டும். கன்னத்து பிளாஸ்டரில் தோல் உரிந்துபோகும், ஒட்டும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கையுறை போட்டுவிட்டும் ஒரு நாள் அவளே பிடுங்கிவிட்டாள். ஊரில் குழாய் போடத் தெரிந்த நர்ஸ் யார், எந்த நேரத்துக்குப் போகலாம் என்று முன்னாடியே விசாரித்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

எடைக் கணக்கில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வயிற்று நீர் ஏறினாலும் தராசில் எடை கூடும். ஒரு மாதம் அரை கிலோ ஏறியது என்று சந்தோஷமாகப் போனோம், அத்தனையும் நீர் என்றார்கள். அதனால் அங்கன்வாடியில் குழந்தைகளின் கைச்சுற்றளவு அளக்கிற நாடா ஒன்றை டீச்சரிடம் வாங்கி, மேல்கையை வாரம் ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதினேன். கை தடித்தால் அது நிஜமான சதை. தொப்புள் மட்டத்தில் வயிற்றுச் சுற்றளவும் எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்து டாக்டர்கள் மருந்தை மாற்றியிருக்கிறார்கள். நீர் அதிகமானபோது ஆல்புமின் என்ற புரத மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ஒரு பாட்டில் ஐயாயிரத்துக்கு மேல். கடைக்குக் கடை விலை வித்தியாசப்படும், ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. கசாய் செய்த குழந்தைக்குப் பித்தப்பாதையில் கிருமி ஏறி வருகிற காய்ச்சலாக அது இருக்கலாம், 100.4 டிகிரி தாண்டினாலே அட்மிட் ஆகி ஊசி போட வேண்டியிருக்கும். சாதாரணக் குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்கிற ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம் கலந்த காய்ச்சல் மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது, ரத்தக்கசிவு வரும். பாராசிட்டமாலும் கல்லீரல் டாக்டர் சொன்ன அளவில்தான். மலம் தார் போலக் கருத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, குழந்தை எழுப்பியும் எழுந்திருக்காமல் மயங்கிக் கிடந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்களுக்கு ஒரு ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் ஏறியது. உள்ளூரில் போன இடத்தில் இந்த நோயைப் பற்றி அதிகம் தெரியாது, எங்களைத் திருநெல்வேலிக்கு அனுப்பவே ஒரு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு சென்னை டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்கினோம். நோயின் பெயர், நடந்த ஆபரேஷன், இப்போதைய மருந்துகள், காய்ச்சல் வந்தால் எந்த ஊசி தொடங்க வேண்டும், எந்த நம்பரில் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அதைப் பல நகல் எடுத்து, வீட்டிலும் பையிலும் அவருடைய வண்டியிலும் வைத்தோம். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, இதைவிடப் பயன்பட்டது வேறொன்றும் இல்லை.

அரிப்பைப் பற்றி யாரும் எச்சரிக்கவே இல்லை. பித்த உப்பு ரத்தத்தில் ஏறுவதால் உடம்பு முழுக்க அரிக்கும். குழந்தை காதை, கன்னத்தைப் பிறாண்டி ரத்தம் வரும். தூங்கவே மாட்டாள். நகத்தை ஒட்ட வெட்டி, பருத்தித் துணியில் கையுறை தைத்துப் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுப்போம். அதற்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் சொன்னால் எழுதித் தருவார்கள். அந்த ராத்திரிகளில் நானும் என் கணவரும் போட்ட சண்டைகள் வெளியே சொல்ல முடியாது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், தூங்காமல் எப்படி ஓட்டுவார் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் கோபம் அவர் மேல்தான் வரும். பிறகு ராத்திரி இரண்டு மணி வரை அவர், அதற்குப் பிறகு நான் என்று பிரித்துக்கொண்டோம், மருந்து நேரத்தை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் மனுஷத்தன்மை திரும்பி வருகிறது.

தடுப்பூசிக்கும் காத்திருக்கும் காலம்தான் நேரம். மாற்றுக்குப் பிறகு எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருப்பதால், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைப் பொதுவாகப் போட முடியாது. தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை ஆறு மாதத்துக்குப் பிறகு சீக்கிரமாகவே போட்டுவிட்டு, ஆபரேஷனுக்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி விடச் சொன்னார்கள். வழக்கமான அட்டவணை வேறு மாதிரி இருப்பதால் உள்ளூர்த் தடுப்பூசி இடத்தில் மறுப்பார்கள், எழுத்தில் வாங்கிப் போங்கள்.

இனி காகிதங்கள். என் அம்மா பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, என் டிசியில் வேறு மாதிரி. எனக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. பாட்டி, அம்மா, குழந்தை என்ற மூன்று தலைமுறை உறவையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் டிஎன்ஏ பரிசோதனை வரை போகும். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் என் கணவர் நடந்த நாட்களில் ஓட்டாத வாடகை மட்டும் இருபதாயிரம் இருக்கும். டோனர் பரிசோதனை தொடங்குகிற அன்றே பெயர் திருத்தத்தையும் தொடங்கிவிடுங்கள். கல்யாணப் பதிவு, குழந்தையின் பெயர் ஏறிய பிறப்புச் சான்றிதழ், எல்லோரும் சேர்ந்திருக்கிற பழைய குடும்பப் படங்கள் எல்லாம் கேட்பார்கள். அம்மாவை யாரும் வற்புறுத்தவில்லையே என்று தனியாக உட்கார வைத்துக் கேட்டு வீடியோ எடுத்தார்கள். டோனர் பெண்ணாக இருந்தால் அவருடைய சம்மதத்தை இன்னும் கவனமாக உறுதி செய்ய வேண்டும் என்று 2014 உறுப்பு மாற்று விதிகளிலேயே இருக்கிறது. அம்மா பயந்துவிடுவாளோ என்று நாங்கள்தான் நடுங்கினோம். அவள் நிதானமாகப் பேசிவிட்டு வந்தாள்.

பணம். கசாய் ஆபரேஷனுக்கும் அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் கிட்டத்தட்ட மூன்று லட்சம் கையிலிருந்து போனது. நகை மொத்தமும் அடகில். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அட்மிஷன் மேஜையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டிச் சேர்ந்த பிறகு மாற்ற முடியாது என்றார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் அட்டை வாங்கலாம். குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்க வேண்டும். கல்லீரல் மாற்றும் இந்தத் திட்டத்தில் வருகிறது. பெரிய ஆபரேஷன்களுக்கென்று கார்பஸ் நிதி தனியாக இருக்கிறது. எந்த மருத்துவமனைக்கு அனுமதி உண்டு, எவ்வளவு தருவார்கள், மிச்சம் நம் கையில் எவ்வளவு என்று அட்மிட் ஆகும் முன்பே எழுத்தில் கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன மொத்த எஸ்டிமேட் 18 லட்சம். காப்பீடு போக மீதிக்குப் பிரதமர் நிவாரண நிதிக்கு எம்.பி. கடிதத்தோடு விண்ணப்பித்தோம், மருத்துவமனைக்கே நேரடியாகத் தொகை வந்தது. இணையத்தில் நிதி திரட்டும் ஒரு நிறுவனம் வழியாகவும் கேட்டோம். விளம்பரச் செலவு என்று சேர்ந்த பணத்தில் நல்ல ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள் என்று மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். குழந்தையின் படம் வெளியே போனதும், சீக்கிரம் கல்லீரல் வாங்கித் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று போன்கள் வந்தன. உறுப்பை விலைக்கு வாங்குவதும் விற்பதும் இந்த நாட்டில் ஜெயிலுக்குப் போகிற குற்றம். பேசவே பேசாதீர்கள்.

எஸ்டிமேட்டில் வராத செலவுதான் ஆளைச் சாய்த்தது. சென்னை எங்கள் ஊரில் இருந்து கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதமாவது ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். சமைக்க விடுகிற அறைக்கு மாதம் பதினைந்தாயிரம், அட்வான்ஸ் தனி. நோயாளிக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் தருகிறவர்களைப் பற்றி மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் சொல்வார்கள், எங்களுக்கு இரண்டாவது மாதம்தான் அது தெரிந்தது.

ஆபரேஷன் அன்று பாப்பாவுக்குப் பத்து மாதம், ஏழு கிலோவுக்கு இருநூறு கிராம் குறைவு. பிறகு நடந்ததெல்லாம் தனியாக எழுத வேண்டிய கதை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு நோயாளிகள், வேறு வேறு மாடியில். குழந்தை ஐசியு வாசலில் நாங்கள் இருவரும் நின்றுவிட்டால் டோனரைப் பார்க்க ஆள் இருக்காது. என் தங்கையை அம்மாவுக்கென்றே வைத்திருந்தோம். அம்மா கண் விழித்ததும் பாப்பாவைக் கேட்டாளாம், அதற்கடுத்து வலிக்குது என்றாளாம். வலியைச் சொல்லக் கூச்சப்படுவார்கள், கேட்டுக் கேட்டு நர்ஸிடம் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். மூன்று மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றதால், ஊருக்குப் போன பிறகு தண்ணீர்க் குடம் எடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்தோம். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளமும் அந்த மூன்று மாதம் கிடையாது. டோனருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் உண்டு. எஸ்டிமேட் வாங்கும்போதே அது சேர்ந்திருக்கிறதா, எத்தனை மாதம் வரை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.